சோறு அடிப்பிடித்தாலும் ஆசிரியர் கை வைக்கக் கூடாது

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேர் முதல் தடவையாக மூன்று கல் அடுப்பில் சாம்பார் சாதம் செய்யும்போது என்ன நடக்கும் என்பது சாரணர் முகாம்களைக் கவனித்த எவருக்கும் தெரியும். சுள்ளியை அள்ளி அள்ளிப் போடுவார்கள். தீ பாத்திரத்தின் விலா வழியே ஏறிப் போகும், அடியில் நிற்காது. அரிசி, பருப்பு, காய், புளிக்கரைசல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுவார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். முக்கால் மணி நேரம் கழித்து அடியில் கருகல், நடுவில் குழைவு, வாயில் வைத்தால் பருப்பு மட்டும் கல்.

இதில் ஒவ்வொரு பிழைக்கும் காரணம் உண்டு. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு அரிசியைவிட மெதுவாகத்தான் வேகும். அதனால் ஒரு மணி நேரம் ஊறவைத்து, முதலில் பருப்பைப் போட்டு, முக்கால் பதம் வெந்த பிறகே அரிசி போட வேண்டும். புளியை முன்னாலேயே ஊற்றினால் அதன் புளிப்பு பருப்பையும் காயையும் வேக விடாது. அது கடைசியில் சேர வேண்டியது. எட்டுப் பேருக்கு ஒரு கிலோ அரிசி, 300 கிராம் பருப்பு, முக்கால் கிலோ காய், ஏறக்குறைய ஆறு லிட்டர் தண்ணீர். இதற்கு 12 லிட்டர் பிடிக்கும் பாத்திரம் வேண்டும். எட்டு லிட்டர் பாத்திரத்தில் வைத்தால் பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிடும். பாத்திரத்தின் வெளிப்புறம் முழுக்க ஈரக் களிமண்ணோ துணி சோப்போ பூசிவிட்டு அடுப்பில் ஏற்றினால், கரி கழுவும்போது தண்ணீரோடு போய்விடும். பூச மறந்த அணி சாயங்காலம் வரை தேய்த்துக்கொண்டிருக்கும். அடுத்த முகாமில் யாரும் நினைவூட்ட வேண்டியிருக்காது.

சாரண ஆசிரியருக்கு இங்கே இருக்கும் வேலைதான் கடினமானது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பருப்பு வேகாது என்று அவருக்குத் தெரியும். சொல்லிவிடலாம். சொல்லாமல் இருப்பதில்தான் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கிறது. அவர் குறுக்கிட வேண்டிய இடங்கள் மூன்று: தீ உடையை நெருங்கும்போது, கொதிநீர்ப் பாத்திரத்தைத் தனியாளாக ஒருவர் தூக்கும்போது, அரிவாள்மனையோ கத்தியோ தவறாகப் பிடிக்கப்படும்போது. இவை தவிர வேறெதற்கும் வாய் திறக்கக் கூடாது. அடுப்புப் பக்கம் போகும் முன் கழுத்து ஸ்கார்ஃபையும் துப்பட்டாவையும் கழற்றி வைக்க வேண்டும், நீண்ட முடியைக் கொண்டை போட வேண்டும். செயற்கை இழைத் துணி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முதல் முகாமில் கஞ்சி வடிக்கிற சோறே வேண்டாம். கொதிக்கிற பாத்திரத்தைச் சாய்ப்பது பழகிய பெரியவர்களுக்கே கை சுடுகிற வேலை.

சாகசக் குழு என்றதும் பலருக்கும் உயரத்தில் கம்பியில் தொங்கிப் போகும் ஜிப்லைன்தான் கண்முன் வருகிறது. கோடை விடுமுறையில் ரிசார்ட்டுகள் நடத்தும் ஒருநாள் முகாம்களில் அதுதான் பிரதானம். அதில் தவறில்லை, பிள்ளைகள் மகிழ்ச்சியாகத் திரும்பி வருவார்கள். ஆனால் அங்கே கொக்கியை மாட்டுவதும் கயிற்றைச் சோதிப்பதும் தள்ளிவிடுவதும் பெரியவர்கள். பிள்ளை எடுக்கும் முடிவு ஒன்றே ஒன்று: போவதா, வேண்டாமா. வாரந்தோறும் கூடுகிற ஒரு சிறு குழுவில், ஒரே எட்டுப் பேரோடு, இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்ந்து முடிவெடுத்து, அந்த முடிவின் பலனையும் தாங்களே சாப்பிட்டு வளர்கிற பிள்ளைக்குக் கிடைப்பது முற்றிலும் வேறு வகை. இந்தப் பதிவு அந்த இரண்டாவது வகையைப் பற்றியது. நம் ஊரில் அதற்கு எளிதாக எட்டும் வழி பள்ளிகளில் நடக்கும் சாரண சாரணியர் படைகள்.

இந்த அமைப்பின் உயிர் அணிமுறை, அதாவது படையைச் சிறு அணிகளாகப் பிரித்துப் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விடுவது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே அது இருந்தது. சுமார் 20 சிறுவர்கள். பெரிய பள்ளிகளில் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் கலந்து. அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். தென்னாப்பிரிக்கப் போரில் மஃபெக்கிங் நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது சிறுவர்கள் பொறுப்பாகச் செய்தி கொண்டுபோனதைப் பார்த்திருந்தவர் அவர். சென்னையில் முதல் உலகப்போர்க் காலத்திலேயே அன்னி பெசன்ட் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். நாட்டில் தனித்தனியாக இயங்கிய அமைப்புகள் 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரண சாரணியர் இயக்கமாக ஒன்றாயின. 2025 தொடக்கத்தில் அதன் வைரவிழா ஜாம்பூரி என்னும் பெருந்திரள் முகாம் மணப்பாறையில்தான் நடந்தது.

ஓர் அணியில் ஆறு முதல் எட்டுப் பேர். இந்த எண்ணிக்கை சும்மா வைத்ததில்லை. நான்கு பேர் என்றால் ஒருவர் வராத நாளில் வேலை முடங்கும். பன்னிரண்டு பேர் என்றால் மூன்று பேர் செய்வார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எட்டில் ஒளிந்துகொள்ள இடமில்லை. சமையல், விறகு, தண்ணீர், பாத்திரம் கழுவுதல், பொருள் காப்பு, முதலுதவிப் பெட்டி, நாட்குறிப்பு என்று ஏழு வேலை, அதோடு அணித்தலைவர். வேலைப் பட்டியல் ஒரு அட்டையில் எழுதிக் கூடாரத்தில் தொங்க வேண்டும், வேளைக்கு வேளை சுழல வேண்டும். சுழலாத படையில் என்ன ஆகும் என்றால், அமைதியான பிள்ளைக்கு எப்போதும் பாத்திரம் கழுவும் வேலையே விழும். பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் சேர்ந்த முகாமில் சமையல் முழுவதும் பெண் பிள்ளைகள் தலையில் விழும். அட்டையைப் பார்த்தாலே ஒரு படையின் தரம் தெரிந்துவிடும்.

அணித்தலைவர் தேர்விலும் கோளாறு வரும். வகுப்பில் முதல் மதிப்பெண் எடுப்பவரையோ உயரமானவரையோ ஆசிரியர் நியமித்துவிடுவார். அணியிடம் கேட்டு, ஆசிரியரும் கலந்து பேசித் தேர்ந்தெடுப்பதுதான் முறை. மாதம் ஒருமுறை அணித்தலைவர்கள் எல்லாரும் ஆசிரியரோடு உட்கார்ந்து, அடுத்த நடைப்பயணம் எங்கே, யார் என்ன கொண்டுவருவது, யார் சண்டை போட்டது என்பதையெல்லாம் பேசித் தீர்க்க வேண்டும். 13 வயதுப் பிள்ளை ஒன்று, தன் நண்பனைப் பற்றியே, அவன் முன்னாலேயே, கோபமில்லாமல் ஒரு குறையை எடுத்துச் சொல்லப் பழகும் இடம் நம் பள்ளி வாழ்க்கையில் வேறு எங்கும் எனக்குத் தெரியவில்லை.

பலன் உண்மையிலேயே நீடிக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். பிரிட்டனில் 1958-ல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் நீண்டகால ஆய்வு ஒன்று உண்டு. அதில் ஏறக்குறைய 10,000 பேரின் விவரங்களை எடின்பரோ, கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி 2016-ல் வெளியிட்டார்கள். சிறுவயதில் சாரணராகவோ சாரணியராகவோ இருந்தவர்களுக்கு 50 வயதில் மனப்பதற்றமோ மனநிலைக் கோளாறோ இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாக இருந்தது. ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கும் வசதியானவர்களுக்கும் இடையில் மனநலத்தில் வழக்கமாகத் தெரியும் இடைவெளியும் இவர்களிடம் சுருங்கியிருந்தது. சாரணர் இயக்கம்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்தும் இந்தத் தொடர்பு நின்றது என்றுதான் சொல்ல முடியும். அவ்வளவே போதும் என்பது என் எண்ணம்.

முடிச்சுகளுக்கு வருவோம். ரீஃப் நாட், ஷீட் பெண்ட், கிளவ் ஹிட்ச், போலைன் என்று தேர்வுக்காக ஒரு முழக் கயிற்றில் போட்டுக் காட்டிவிட்டு மறந்துபோகும் பிள்ளைகள் ஏராளம். கயிறு சுமை தாங்கும்போதுதான் முடிச்சு மனதில் நிற்கும். அதனால் ஐந்தாறு மூங்கில் கொடுத்து, தங்கள் அணிக்கு ஒரு பாத்திர மேடை கட்டச் சொல்ல வேண்டும். இரண்டு மூங்கிலைக் குறுக்கே சேர்த்துக் கட்டும் ஸ்கொயர் லாஷிங் இதற்கு அடிப்படை. நிற்கும் மூங்கிலில், குறுக்கு மூங்கிலுக்குச் சற்றுக் கீழே, கிளவ் ஹிட்ச் (கம்பில் கயிற்றைப் பிணைக்கும் முடிச்சு) போட்டுத் தொடங்க வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து மூன்று நான்கு சுற்று, ஒவ்வொரு சுற்றையும் இழுத்து இறுக்கி. அடுத்து இரண்டு மூங்கிலுக்கும் நடுவே, போட்ட சுற்றுகளையே நெரிக்கிற மாதிரி இரண்டு மூன்று சுற்று. குறுக்கு மூங்கிலில் இன்னொரு கிளவ் ஹிட்ச்சோடு முடிக்க வேண்டும். இரண்டு அங்குல மூங்கில் இரண்டுக்கு நான்கு மீட்டர் கயிறு ஒதுக்கினால் சரியாக இருக்கும்.

மேடை ஆடினால் பத்தில் எட்டுத் தடவை அந்த நெரிக்கும் சுற்றைப் பிள்ளைகள் விட்டிருப்பார்கள், அல்லது தளர்வாகப் போட்டிருப்பார்கள். மீதி இரண்டு தடவை நைலான் கயிறு காரணம். வழவழப்பான மூங்கிலில் அது நழுவும், தென்னங்கயிறு கடித்துக்கொள்ளும். பச்சை மூங்கில் என்றால் காயக் காயச் சுருங்கும், மூன்றாம் நாள் கட்டுத் தளரும். கூடாரத்துப் பருத்திக் கயிற்றில் இதற்கு நேர்மாறு. மழையில் நனைந்தால் அது சுருங்கி முளைக்குச்சியையே பிடுங்கிவிடும். அதனால் இருட்டும் முன், வானம் மூட்டமாக இருந்தால், கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத் தூங்கப் போக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கூடாரம் தலையில் விழுந்த அணிக்கு இந்தப் பாடத்தை இன்னொரு தடவை நடத்தத் தேவையில்லை.

நடைப்பயணத்தில் பெரியவர்கள் செய்யும் முதல் தவறு தூரக்கணக்கு. நம் வெயிலில், முதுகில் பையோடு, 12 வயதுப் பிள்ளைகள் கூட்டமாக நடந்தால் சமதரையில் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் கணக்குப் போடக் கூடாது. 300 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் பத்தரைக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்குக்குள். 35 கிலோப் பிள்ளைக்கு அது மூன்றரையிலிருந்து ஐந்து கிலோ. குடிதண்ணீர் மட்டுமே இரண்டு கிலோ போய்விடும், மிச்சத்தில்தான் மற்றதெல்லாம். புது ஷூவோடு வரும் பிள்ளைக்கு ஐந்தாவது கிலோமீட்டரில் குதிகால் கொப்பளிக்கும். உரசல் தெரிந்த உடனே ஒட்டுப்பட்டை போட்டால் கொப்பளம் வராது. நின்றால் கூட்டம் கிண்டல் செய்யும் என்று பிள்ளை சொல்லாமல் நடக்கும். ஆகவே மணிக்கு ஒருமுறை எல்லாரும் ஷூவைக் கழற்றிக் காலைப் பார்ப்பது என்று அணியே விதி வைத்துக்கொள்வது நல்லது. சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும், செருப்போடு யாரையும் கிளம்ப விடக் கூடாது.

உடம்பில் நீர் வற்றும்போது குடிக்கும் ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைக் கரைசல் விஷயத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. வழக்கமான பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு உரியது. பிள்ளை கையில் இருப்பது அரை லிட்டர் பாட்டில். முழுப் பொட்டலத்தையும் அதில் கொட்டினால் உப்பு இரண்டு மடங்காகிவிடும். வாந்தியும் தாகமும் கூடும், உடம்புக்கு நல்லதும் இல்லை. அணியின் முதலுதவிப் பையில் ஒரு லிட்டர் கோடு போட்ட பாட்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் சர்க்கரை தட்டையாக ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி.

பாம்பைப் பற்றிப் பெற்றோர் அதிகம் கேட்பார்கள். கட்டுவிரியன் இரவில் தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும், பல நேரம் வலிகூடத் தெரியாது. காலையில் வயிற்றுவலி என்று ஒரு பிள்ளை சொல்லி, கண்ணிமை சொருகினால், அதைச் சாப்பாட்டுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. படுக்கையைத் தரையிலிருந்து உயர்த்தி, கொசுவலையை அடியில் செருகிவிட்டுத் தூங்க வேண்டும். கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். கிளம்பும் முன்பே, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது, எத்தனை நிமிடம் என்பது அணித்தலைவர் நோட்டில் எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் பாம்பைவிட நான் அஞ்சுவது தண்ணீருக்கு. நம் ஊர்களில் குளத்திலும் ஆற்றிலும் பிள்ளைகள் இறக்கும் செய்திகளைக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் மூழ்கினார், காப்பாற்றப் போன இரண்டு பேரும் மூழ்கினார்கள் என்றே இருக்கும். மணல் அள்ளிய ஆற்றில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியிலேயே ஆளை மூழ்கடிக்கும் பள்ளம் இருக்கும். இதற்கு ஒரு நல்ல சாரணர் படை கற்றுத்தரும் பயிற்சி மிக எளியது. காலி ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், 15 மீட்டர் கயிறு. கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்க வேண்டும். கொஞ்சம் கனம் இருந்தால்தான் வீசும்போது தூரம் போகும், காற்று நிறைந்திருப்பதால் மிதக்கும். கைப்பிடியில், இழுத்தாலும் இறுகாத கண்ணியாக நிற்கும் போலைன் முடிச்சு. கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு, மூழ்குபவரின் தலைக்கு அப்பால் விழுமாறு வீச வேண்டும், பிறகு மெதுவாக அவர் கைக்கு இழுத்துக் கொடுக்க வேண்டும். முன்னால் விழுந்தால் அவரால் எட்ட முடியாது. வீசுபவர் கரையில் படுத்துக்கொண்டு இழுக்க வேண்டும், நின்றால் உள்ளே இழுபடுவார். மைதானத்தில் ஒரு வட்டம் போட்டு, பிள்ளைகள் 20 தடவையாவது வீசிப் பழக வேண்டும். பத்து மீட்டரில் பத்துக்கு ஏழு விழும் வரை விடக் கூடாது. தண்ணீரில் குதிக்காமலும் காப்பாற்றலாம் என்று கைக்குத் தெரிந்த பிள்ளை, ஒருநாள் முகாமுக்கு வெளியே, தன் நண்பர்களோடு இருக்கும்போதும் அதைத்தான் செய்யும்.

காட்டுக்குள் போவது என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் அடியும் வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மார்ச், ஏப்ரலில் காய்ந்த புல்வெளிச் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதர் ஓட முடியாது. 2024-ல் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை முறையான அனுமதி, வழிகாட்டிகளோடு திறந்தது. மூத்த பிள்ளைகளை முதல் மலையேற்றத்துக்கு அழைத்துப் போக எளிதான பாதைகளும் அதில் உண்டு.

வயதுக்கேற்ற வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்து வயதுக்குட்பட்ட குருளையருக்கும் (சிறுவர்) நீலப்பறவையருக்கும் (சிறுமியர்) விளையாட்டும் பாசறைத் தீயும் ஒரு பகல் வெளியூர்ப் பயணமும் போதும். பத்தைத் தாண்டிய சாரணர், சாரணியருக்கு மேலே சொன்ன எல்லாம். 14, 15 வயதில்தான் நிறையப் பிள்ளைகள் விலகுகிறார்கள். பத்தாம் வகுப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம், அவர்களை இன்னும் வரிசையில் நிற்கவைத்து விசில் ஊதிக்கொண்டிருப்பது. அந்த வயதுப் பிள்ளைகளிடம் 500 ரூபாயையும் எட்டுப் பேருக்கான மதியச் சாப்பாட்டையும் ஒப்படைத்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். இளையவர்களுக்கு முடிச்சு கற்றுத்தரும் பொறுப்பைக் கொடுக்க வேண்டும். அப்போது தங்குவார்கள்.

படைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் சான்றிதழால். மாநில அளவிலான ராஜ்ய புரஸ்கார், குடியரசுத் தலைவர் பெயரிலான ராஷ்டிரபதி விருது இரண்டும் உழைத்துப் பெற வேண்டியவை. ரயில்வே வேலைக்குச் சாரணர் ஒதுக்கீடும் உண்டு. அதற்காகவே பிள்ளைகளைச் சேர்த்து, தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் பயிற்சி கொடுத்து, பதிவேட்டை ஆசிரியரே நிரப்பிக் கொடுக்கும் இடங்கள் உண்டு. அங்கே பிள்ளைக்குச் சீருடை மிஞ்சும்.

உங்கள் பிள்ளையைச் சேர்க்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். வாராந்திரக் கூட்டத்தில் பெரியவர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஒன்றரை மணியில் அரைமணிக்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். ஆசிரியர் முறையான பயிற்சி பெற்றவரா, முகாமில் எந்த நேரமும் இரண்டு பெரியவர்கள் இருப்பார்களா, ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்க நேராதபடி என்ன ஏற்பாடு என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல படையில் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்கள். பெண் பிள்ளை என்றால் பெண் ஆசிரியர் இரவும் தங்குவாரா, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, நாப்கின் கூடுதலாக வைத்திருக்கிறார்களா, அதை எங்கே எப்படி அப்புறப்படுத்துவது என்று முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். மாதவிடாய் நாளில் முகாமுக்கு வராதே என்று சொல்லும் படை வேண்டாம்.

கடைசியாகப் பை. பட்டியலைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அம்மாவோ அப்பாவோ அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். நீங்கள் அடுக்கிய பையில் டார்ச் எங்கே இருக்கிறது என்று இருட்டில் பிள்ளைக்குத் தெரியாது. தானே அடுக்கிய பையில் டார்ச்சையே மறந்திருந்தாலும், பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளையிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். உள்ளே பிளாஸ்டிக் உறைகளில் மாற்று உடை தனி, படுக்கை தனி என்று பிரித்து வைக்க மட்டும் சொல்லிக் கொடுங்கள், மழை பெய்தால் பை நனையும். மருந்து சாப்பிடுகிற பிள்ளை என்றால் அதைப் பையில் போடாமல், பெயரும் வேளையும் எழுதி ஆசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள்.